தையல்காரர் வெட்டிப் போட்ட வால்கள்

"அது அங்கயேதான் நிக்குது மாமா. இப்பதான் நெத்தியில இடிச்சுக்கிட்டேன்."

"எங்க?"

"கதவுக்கும் அலமாரிக்கும் நடுவுல. அக்கா வாய் உசரத்துக்கு. அடுப்புப் பக்கத்துல இருக்கறது நேத்து சொன்னது. இது இன்னைக்குச் சொன்னதா இருக்கணும், இன்னும் சூடு ஆறல."

"வலிக்குதா?"

"சொல்லுதானே, வலிக்குமா? துணி மாதிரி உரசுது, அவ்வளவுதான். ஆனா முட்டினதும் அக்கா காதுக்குள்ள பேசற மாதிரி சத்தம் வருது பாருங்க, அதுலதான் திடுக்குனு ஆயிடுச்சு. சரி விடுங்க. எங்க வீட்ல நான் சொல்ற சொல்லு எதுவும் ஒரு நிமிஷம் நிக்கறதில்ல. உங்க வீட்ல நாள்கணக்கா நிக்குது. கொடுத்து வெச்சவர் நீங்க."

மைத்துனி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கொண்டுவந்த பழங்களை மேசைமேல் வைத்தாள். தையல்காரர் எழுந்து போய்க் கதவுக்கும் அலமாரிக்கும் நடுவே கையை நீட்டித் துழாவினார். விரலில் பட்டது. 'தலோஷெனு' என்றது மனைவியின் குரல். மனைவி அப்போது பக்கத்து அறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்கவில்லை. அவள் பேசிய சொற்கள் பேசிய இடத்திலேயே நிற்க ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான். அவை யாருக்கும் தெரியாத சொற்களாக மாறியதும் அதே வாரத்தில்தான். நூல்கண்டின் விலை ஏறியதும் தெருமுனைக் குழாயை மாற்றியதும்கூட அந்த வாரமே நடந்ததால், தெருக்காரர்களுக்கு இது ஒன்றையே பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

தையல்காரர் புதுத்துணி தைப்பவர் அல்ல. பிறர் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்பவர். கடைகளில் வாங்கிய சட்டைகள், கால்சட்டைகள், கோட்டுகள், யாரோ இறந்தபின் வேறு யாரோ உடுத்தப்போகிற உடைகள் எல்லாம் மூன்றாவது மாடியில் இருந்த அந்த வீட்டின் முன்னறைக்கு வந்து சேரும். ஒரு துணியைக் கையில் எடுத்ததும் தையல் எங்கே ஓடுகிறது, எது பிறகு போட்ட தையல், எதைப் பிரித்தால் எது கழன்று வரும் என்று அவருடைய விரல்களுக்குத் தெரிந்துவிடும். தெருவில் யார் பருக்கிறார்கள், யார் இளைக்கிறார்கள் என்பது அவரவர் வீட்டாருக்குத் தெரிவதற்கு முன் இவருக்குத் தெரியும். எந்த உடை வந்தாலும் அவர் முதலில் செய்வது கழுத்துப்பட்டைக்குள் இருக்கும் லேபிளை வெட்டி எறிவது. அது கழுத்தை உறுத்தும். உடுத்துகிறவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எல்லாச் சட்டையிலும் இருக்கிற ஒன்று எந்தச் சட்டைக்கும் உரியதல்ல என்பது அவருடைய எண்ணம். வேலை செய்யும்போது உதடுகளுக்கிடையே குண்டூசிகளைக் கவ்விக்கொள்வார். மனைவி அவருக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அன்றைய சங்கதிகளைச் சொல்வாள்: மாடிப்படிக்குக் கீழே பூனை குட்டி போட்டது, தபால்காரர் மீசையை எடுத்துவிட்டது, விடியற்காலையில் தனக்கு வந்த கனவு. குண்டூசி விழாமல் சொல்லக்கூடிய ஒரே பதில் 'ம்' என்பதால் அவர் 'ம்' என்பார். இப்படியே வருடங்கள் போயின. குழந்தை இல்லை. மனைவிக்கு அவருடைய முகத்தைவிட முதுகுதான் அதிகப் பழக்கம். அதில் எந்த எலும்பு எங்கே துருத்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். பிறகு ஒரு மழைக்காலக் காலையில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தபோது வேறு சொற்கள் வந்தன.

மருத்துவர் நாக்கைப் பார்த்தார், தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ஏதாவது பேசச் சொன்னார். அவள் பேசினாள். அந்தச் சொல் அவருடைய அறையிலேயே நின்றுவிட்டது. நோயாளிகள் அதில் இடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததால் பிற்பாடு அவர் அந்த இடத்தில் ஒரு திரையைப் போட்டு மறைத்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் பேசறாங்க. நமக்குப் புரியல, அதுதான் பிரச்சினை" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனைவிக்கு மற்றவர்கள் பேசுவதெல்லாம் முன்போலவே புரிந்தது. கூப்பிட்டால் வந்தாள், சமைத்தாள், மைத்துனியின் கேலிக்குச் சிரித்தாள். அவள் சொல்வது மட்டும்தான் ஒருவருக்கும் எட்டவில்லை. தையல்காரருக்கு முதல் மாதம் பயமாகவும் இரண்டாவது மாதம் எரிச்சலாகவும் இருந்தது. மூன்றாவது மாதம் அடுப்புப் பக்கம் போனவர் ஒரு சொல்லில் மோதி அதைக் கையால் விலக்கியபோது விரலில் ஒரு மேடு தட்டியது. திரும்பத் தடவிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, தையல். யாரோ இரண்டு துண்டுகளை ஒட்டிப்போட்ட இடம்.

அன்றிலிருந்து அவர் மனைவியின் சொற்களை ஒவ்வொன்றாகக் காற்றிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்துப் பிரிக்கத் தொடங்கினார். கண்ணுக்கு அவை தெரியாது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மட்டும் பஞ்சுத்தூசி மிதப்பதுபோல் ஒரு கோடு தெரியும். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியின் நுனியை மேட்டில் வைத்து மெல்ல இழுத்தால் துண்டுகள் தனித்தனியே வந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் ஒரு பொத்தான் டப்பாவில் போட்டார். எந்தத் துண்டு எப்போது, எங்கே, எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று மனதில் வைத்துக்கொண்டார். 'தலோ' என்பது அவள் காலி டம்ளரோடு நிற்கும்போது வந்தது. 'தலோபிகா' அடுப்பில் வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டு நின்றபோது. 'ஹெம்பிகா' மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு உச்சிவேளையில் இறங்கி வந்தபோது. அடுப்புக்கும் உச்சிவேளைக்கும் பொதுவாக இருப்பது சூடு. ஆகவே பிகா சூடு, தலோ தண்ணீர். மூடிய ஜன்னலுக்கு முன் 'ஹெம்ஜகு' என்றாள், மூடிய கதவுக்கு முன் 'வெபிஜகு' என்றாள். எனவே ஜகு திறப்பு. ஜன்னல் வழியாக வருவது காற்று என்று எண்ணி, ஹெம் என்றால் காற்று என முடிவுகட்டி ஒரு மின்விசிறி வாங்கி வந்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போய் ஜன்னலைத் தானே திறந்துகொண்டாள். ஒரு சாயங்காலம் மின்சாரம் போனபோது 'ஆஸ்ஹெம்' என்றாள். அடுத்த வாரம் குழாயில் தண்ணீர் நின்றபோது 'ஆஸ்தலோ' என்றாள். தையல்காரர் துள்ளிக் குதிக்காத குறை. ஆஸ் என்றால் இல்லாமை. இருட்டில் இல்லாமல் போவது காற்றல்ல, வெளிச்சம். ஒரு துண்டு ஒரே இடத்தில் வந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, இன்னொரு இடத்தில் வேறொன்றோடு சேர்ந்து வந்தால் தன் பெயரைத் தானே சொல்லிவிடும் என்பதை அவர் இப்படித்தான் கற்றார். அதற்குப் பிறகு முன்பின் கேட்டிராத சொற்கள்கூடக் காதில் விழுந்ததும் விளங்கின. ஒரு கோடையில் அவள் 'வெபிபிகா' என்றபோது, கதவைத் திறப்பது வெளியே நடக்கத்தான், அதனால் வெபி நடப்பதற்கு உரியது, பிகா சூடு என்று கூட்டிப் பார்த்து அவளுக்குச் செருப்பு வாங்கி வந்தார்.

மிச்சம் இருந்தது அந்த வால். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் 'ஷெனு' என்று ஒரு சிறு துண்டு இருந்தது. தலோஷெனு, ஹெம்ஜகுஷெனு, ஆஸ்ஹெம்ஷெனு, எதற்கும் விதிவிலக்கில்லை. இதைப் பற்றி அவர் கலந்து பேசியது தரைத்தளத்தில் இருந்த மருந்துக்கடைக்காரரோடு. மருந்துக்கடைக்காரருக்குத் துண்டுகளைப் பற்றித் தெரியும். டப்பா மேல் எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரில் வாலைப் பார்த்தால் அது எந்த வியாதிக்கு என்று சொல்லிவிடலாம், வால் ஒன்றானால் வேலையும் ஒன்று என்று அவர்தான் முதலில் தைரியம் சொன்னவர்.

"ஆனா இந்த வால் எல்லாத்துலயும் வருதே அண்ணே" என்றார் தையல்காரர்.

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணு விடாம."

"அப்போ அது மருந்தில்ல மாஸ்டர். 'குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'னு எல்லா டப்பாவுலயும்தான் போட்டிருக்கான். அதைப் படிச்சா தலைவலியா வயித்துவலியான்னு தெரியுமா?"

"லேபிள் மாதிரின்னு சொல்லுங்க."

"லேபிளேதான். வெட்டிப் போட்டுட்டு வேலையைப் பாருங்க."

தையல்காரருக்கு மனம் லேசானது. அவருக்குத் தோன்றியிருந்ததையே படித்தவர் ஒருவரும் சொல்லிவிட்டார். அன்று முதல் சொல்லை இறக்கியதும் முதல் வேலையாக வாலை வெட்டினார். டப்பாவில் சேர்ந்திருந்த பழைய வால்களையும் கொட்டினார்; வால்கள் தரையில் விழுந்தன. நூல்பிசிறு, துணிவெட்டு, லேபிள்களோடு சேர்த்து அவற்றைத் துடைப்பத்தால் கூட்டி மூலையில் இருந்த சாக்கில் அள்ளிப் போட்டார். சாக்கு நிறைந்ததும் பஞ்சுக்காரர் வந்து எடுத்துப்போவார். தையல்கடைக் கழிவைப் பஞ்சோடு கலந்து தலையணை அடைப்பது அவருடைய தொழில். ஒருமுறை தையல்காரர் கத்தியை வைத்த நேரத்தில் மனைவி ஓடி வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரலை வெட்டிக்கொள்வேன் என்று பயப்படுகிறாள் என நினைத்து, "பழகின கைதாம்மா, ஒண்ணும் ஆகாது" என்று அவளுடைய கையை மெதுவாக விலக்கிவிட்டு வெட்டினார். அவள் கொஞ்சநேரம் நின்று, துடைப்பம் போகும் வழியைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதன்பின் வந்த வருடங்களில் அந்தத் தெருவில் மனைவியை அவரைப்போல் கவனித்துக்கொண்டவர் யாருமில்லை. அவள் 'தலோ' என்று ஆரம்பிக்கும் முன்பே தண்ணீர் வந்தது. 'ஹெம்ஜகு' என்றால் ஜன்னல் திறந்தது. திறந்துவிட்டு அவர் தையல் இயந்திரத்துக்குத் திரும்பினார். 'வெபிஜகு' என்றால் கதவைத் திறந்து, குடையை எடுத்துக் கொடுத்து, படிவரைக்கும் வந்து வழியனுப்பினார். அவள் தெருவைச் சுற்றிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள். மின்சாரம் போனால் மெழுகுவத்தி, தண்ணீர் நின்றால் கீழ்க்குழாயிலிருந்து வாளி. மைத்துனி தன் கணவனிடம், "சொல்லு புரியாத பொண்டாட்டிக்கு எங்க மாமா இப்படி ஓடறாரு, புரியற மாதிரி பேசற எனக்கு ஒரு டம்ளர் தண்ணி வர மாட்டேங்குது" என்று சண்டை பிடித்தாள். வீடும் துப்புரவாக இருந்தது. நின்ற சொற்களெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை இறக்கப்பட்டுவிட்டதால் விருந்தாளிகள் தலை இடித்துக்கொள்வது நின்றது. வாலிழந்த துண்டுகளுக்கு ஒலி இருந்தது, ஆனால் காற்றில் நிற்கும் வலு இல்லை; டப்பாவைத் திறந்து குலுக்கினால் பொத்தான்களோடு சேர்ந்து கலகலக்கும்.

அவளுடைய பேச்சு குறைந்தது எப்போதிலிருந்து என்று யாரும் கவனிக்கவில்லை. முதலில் வாரம் ஒருமுறை இறக்க வேண்டியிருந்த சொற்கள் மாதம் ஒருமுறை இறக்கும் அளவுக்கு வந்தன. நன்றாகக் கவனித்துக்கொள்வதால் கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் மீதி இல்லை என்று தையல்காரர் எடுத்துக்கொண்டார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகு ஒருநாள் பிற்பகல், அவர் ஒரு பழைய கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் பின்னால் வந்து நின்று, அவர் காதருகே குனிந்து ஒரு சொல்லைச் சொன்னாள். 'கொவாரிஷெனு.' அவர் 'ம்' என்றார். மாலையில் கைவேலை முடிந்து அதைத் தடவிப் பார்த்தார். கொவாரி என்ற துண்டில் நடுவே தையலே இல்லை. தறியிலிருந்து அப்படியே வந்த துணிபோல் முழுதாக இருந்தது. எந்த டப்பாவிலும் அதற்கு இணை இல்லை. இன்னொருமுறை வேறு எதனோடாவது சேர்ந்து வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வெட்டாமல் விட்டுவைத்தார். அது மீண்டும் வரவில்லை. வேறு எந்தச் சொல்லும் வரவில்லை. அவள் பேசியது அதோடு முடிந்தது. அவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால், சரியாக அவருடைய காது உயரத்தில், அந்தச் சொல் நின்றது. முதுகு வலித்து நிமிரும்போதெல்லாம் காதில் பட்டு, 'கொவாரிஷெனு' என்று அவள் குரலில் சொன்னது. அவள் அடுத்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டு மௌனமாக இருந்தாள்.

ஊரில் வேறு விதமான மாற்றங்கள் தொடங்கிய காலம் அது. நடுவீட்டில் சுவர் எழுப்பிக்கொண்டு பல வருடங்களாகப் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் ஒரு காலை ஆளுக்கொரு கடப்பாரையோடு இரண்டு பக்கமிருந்தும் அதே சுவரை இடித்தார்கள். வங்கியின் காவலாளி, எப்போதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டவர், டப்பாவை எடுத்துக்கொண்டு காசாளரின் மேசைக்குப் போனார். மாமியாரும் மருமகளும் ஒரே கடைக்கு ஒரே நேரத்தில் போனார்கள். சாயங்காலமானால் தெருவில் ஜோடி ஜோடியாக நடக்கிறவர்கள் பெருகிப்போய் நகராட்சி நடைபாதையை அகலப்படுத்த வேண்டியதாயிற்று. மருந்துக்கடையில் தூக்கமாத்திரை விற்பனை படுத்துவிட்டது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. காரணம் வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை. பஞ்சுக்காரர் ஒருவர்தான் யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த சாக்கை எடுக்க வந்தபோது தையல்காரரின் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"மாஸ்டர், உங்க மூட்டையில என்ன கலக்கறீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"என்ன கலக்கறேன்? நூல், துணிவெட்டு, லேபிளு."

"என் தலையணையில படுத்தவங்க யாரும் இப்பல்லாம் தனியா எந்திரிக்கறதில்ல. எங்க வீட்டையே எடுத்துக்கங்க. காதுக்குள்ள ஷெனு ஷெனுன்னு ஒரு சத்தம். என் சம்சாரத்துக்கும் கேக்குது. என்ன அர்த்தமோ தெரியாது. விடிஞ்சதும் ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர் தண்ணிகூட குடிக்க முடியல மாஸ்டர். அவ எந்திரிச்சா நானும் எந்திரிக்கறேன். சிரிக்காதீங்க, நேத்து ரெண்டு பேரும் சேர்ந்து போய் ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வந்தோம்."

தையல்காரர் சிரிக்கவில்லை. அவருடைய வாயிலிருந்து குண்டூசிகள் ஒவ்வொன்றாக மடியில் விழுந்தன. பஞ்சுக்காரர் காலிச் சாக்கை வைத்துவிட்டுப் போனபின்னும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். சொற்கள் ஒவ்வொன்றாகத் தம் வாலோடு திரும்பி வந்தன. தலோஷெனு: தண்ணீர், சேர்ந்து. அவள் தண்ணீர் கேட்கவில்லை. இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு எதிரெதிரே உட்காரக் கேட்டாள். ஹெம்ஜகுஷெனு: ஜன்னலருகே இருவரும் நிற்க. வெபிபிகாஷெனு: சுடுகிற தரையில் அவரோடு நடக்க; அவர் செருப்பு வாங்கிக் கொடுத்தார். ஆஸ்ஹெம்ஷெனு என்று இருட்டில் சேர்ந்து உட்கார அழைத்தவளுக்கு அவர் அவசர அவசரமாக மெழுகுவத்தி ஏற்றினார். ஆஸ்தலோஷெனு என்றதுகூட, தண்ணீர் வரும்வரை இருவருமாகக் காத்திருப்போம் என்பதுதான். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடிவிட்டார். இத்தனை வருடமும் ஒரு சொல் தவறாமல் எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொண்டு, எல்லாவற்றையும் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, அவளைத் தனியே விட்டிருந்தார்.

அன்று மாலை இரண்டு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் மனைவியின் எதிரே உட்கார்ந்தார். அவள் இரண்டு டம்ளரையும் பார்த்தாள். ஒன்றை எடுத்துக் குடித்தாள். அவர் மற்றதைக் குடித்தார். "தலோஷெனு" என்றார் அவர். அவருடைய வாயிலிருந்து வந்த சொல் எல்லாருடைய சொல்லையும்போல வந்ததும் கரைந்து போனது. அவள் அது கரைந்த இடத்தைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் முதல் அவர் வெட்டிப் போட்ட வால்களை மீட்க வீடு வீடாகப் போய்த் தலையணைகளைத் திருப்பிக் கேட்டார். யாரும் தரவில்லை. "என்ன வேணாலும் கேளுங்க மாஸ்டர், அதை மட்டும் கேக்காதீங்க" என்றார் அண்ணன்; தம்பி பக்கத்தில் நின்று தலையாட்டினார். வங்கிக் காவலாளி கண்கலங்கிவிட்டார். மருந்துக்கடைக்காரர் மட்டும், தான் சொன்ன யோசனையால் வந்த வினை என்பதால், தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்தார். கீழே நின்று அவருடைய மனைவி திட்டிய திட்டு மூன்றாவது மாடிவரை கேட்டது. இருவரும் மேசைமேல் வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். வால்கள் நைந்து, பஞ்சோடு பஞ்சாகி, ஒலியெல்லாம் உறங்கியவர்களின் காதுகளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் தும்மினார். பிறகு, "தப்பு என்மேலயும்தான் மாஸ்டர்" என்றார். தையல்காரர் தலையணையைப் பழையபடி தைத்து, தையலே தெரியாமல் தைத்து, அவரிடம் கொடுத்தனுப்பினார்.

ஆக, அந்த வீட்டில் வாலோடு முழுதாக மிஞ்சியது ஒரே ஒரு சொல். கொவாரிஷெனு. சேர்ந்து செய்ய வேண்டிய எதையோ அவள் கடைசியாகக் கேட்டிருந்தாள். எது என்று தெரிந்தால் செய்துவிடலாம். செய்தால் ஒருவேளை அவள் மறுபடி பேசக்கூடும். ஆனால் ஒரே இடத்தில் வந்த துண்டு தன் பெயரைச் சொல்லாது. எல்லா டப்பாக்களையும் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் கொவாரியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதனோடும் அது ஒட்டவில்லை. பிரித்து அறிய வழியில்லாதபோது செய்து பார்த்து அறியலாம் என்று முடிவு செய்தார். இரண்டு பேர் சேர்ந்து செய்யக்கூடிய ஒவ்வொன்றையும் அவர் மனைவியோடு செய்யத் தொடங்கியது இப்படித்தான்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்தார்கள். படகில் போனார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் சவ ஊர்வலத்தில் கடைசிவரை நடந்தார்கள். மொட்டைமாடியில் நனைந்தார்கள், அதில் அவருக்கு மட்டும் சளி பிடித்தது. கதவைச் சாத்திக்கொண்டு நடனமாடினார்கள், கீழ்வீட்டில் கரண்டியால் கூரையைத் தட்டும்வரை. அவள் எதற்கும் மறுக்கவில்லை. கூப்பிட்டால் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள், பக்கத்தில் நடந்தாள், அவர் நின்றால் நின்றாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவர் "இதுவா?" என்று கேட்டார். அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சில நேரம் அவள் முகத்தில் ஏதோ அசைந்ததுபோல் இருக்கும். படகில் ஒருமுறை, சவ ஊர்வலத்தில் ஒருமுறை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தால் அந்தச் சொல் காதில் உரசும், அதே குரலில், அதே சூட்டில்.

தையல்வேலையை அவர் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் தளர்ந்த உடைகளோடு நடமாடியதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. எதிரே வருகிறவர்கள், "என்ன மாஸ்டர், இன்னைக்கு எங்க கொவாரி?" என்று விசாரிப்பார்கள். காலப்போக்கில் ஒரு காரியமும் இல்லாமல் இரண்டு பேர் வெளியே கிளம்புவதற்கு ஊரே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டது. "கொவாரி போயிட்டு வரோம், கதவைச் சாத்திக்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகிற பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். அது ஊரின் சொல், அவளுடையது அல்ல என்று தையல்காரருக்குத் தெரியும். அவர்களுக்கு அதன் பொருள் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியவில்லை. மைத்துனிதான் ஒருநாள், "விடுங்க மாமா, அக்கா அதையே மறந்திருப்பா" என்றாள். அவர் சண்டைக்குப் போகவில்லை. மறந்திருந்தால் சொல் ஆறிப்போயிருக்கும் என்று மட்டும் சொன்னார். மைத்துனி எழுந்து போய் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் கையை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு பட்ட விரலைத் தேய்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

தலைமயிர் இருவருக்கும் நன்றாக நரைத்தபின், ஒரு மாசி மாதத்துப் பகலில், அவர்கள் ரயிலில் ஏறிக் கடைசி நிலையம்வரை போனார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தண்டவாளம் ஒரு மண்மேட்டில் போய் முட்டி முடிந்தது. திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்தது. நடைமேடையின் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவள் தோலை ஊதிவிட்டுப் பருப்பை அவருடைய உள்ளங்கையில் பாதி, தன் உள்ளங்கையில் பாதி என்று பிரித்துப் போட்டாள். வேறு பயணிகள் யாரும் இல்லை. நிலைய அதிகாரி தூரத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செய்து பார்க்க வேண்டியவை எல்லாம் அநேகமாக முடிந்துவிட்டன என்பது தையல்காரருக்கு அப்போது புலப்பட்டது. இந்தமுறை அவர் 'இதுவா' என்று கேட்கவில்லை. கடலையை மென்று விழுங்கிவிட்டு, மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏம்மா, அர்த்தம் சொல்ல வேணாம். அதை நான் பாத்துக்கறேன். அந்த கொவாரியை மட்டும் வேற எதோடயாவது சேத்து, ஒரே ஒரு தடவை சொல்லேன்."